பகா எண்களுக்குக் கடைசி கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பகா எண் (1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்) கட்டுரையில், "இதைவிடப் பெரிய பகா எண் கிடையாது" என்று ஒரு வரி அச்சாகியிருந்தது. கட்டுரை குறிப்பிட்ட, 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட எண், இதுவரை அறியப்பட்டவற்றுள்தான் பெரியது. பகா எண்களுக்கு முடிவில்லை என்று பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே நிறுவிவிட்டது தாங்கள் அறியாததல்ல. கைவசமுள்ள பகா எண்களையெல்லாம் பெருக்கி ஒன்றைக் கூட்டினால், அவற்றுள் எதனால் வகுத்தாலும் மீதி ஒன்று நிற்கும் என்பதால், நம் பட்டியலில் இல்லாத பகா எண் ஒன்று இருந்தே தீர வேண்டும்.

எண்ணையே தவறாக அச்சிட்டிருந்ததுதான் பெரிய வேதனை. 2-ஐ 136279841 என்ற அடுக்குக்கு உயர்த்தி, அதிலிருந்து 1-ஐக் கழிக்க வேண்டும். தாங்களோ அடுக்கைக் கீழே இறக்கி 2136279841-1 என்று ஒரே வரிசையில் போட்டுவிட்டீர்கள். என்னிடம் படிக்க வரும் எட்டாம் வகுப்பு மாணவி கழித்துப் பார்த்து, 2136279840 என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி, "சார், இதைப் பத்தால வகுக்கலாமே?" என்று கேட்டாள். உண்மையான எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள் உண்டு. அதன் கடைசி இலக்கத்தைக் கணினி இல்லாமலேயே அவள் கண்டுபிடித்தாள். 2-இன் அடுக்குகளின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று சுழலும். அடுக்கை 4-ஆல் வகுத்தால் மீதி 1. எனவே 2-இல் முடியும், ஒன்று போக 1. அடுக்கு பகா எண்ணானால் விடையும் பகா எண்ணே என்று கட்டுரை சொல்வதையும் அவளே மறுத்தாள்: அடுக்கு 11 என்றால் வருவது 2047, அது 23-ஐ 89-ஆல் பெருக்கியது.

ஒரு எண் பகா எண்ணா என்பதை விரைந்து உறுதிசெய்யும் வழியை 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனாவும் கண்டு உலகை வியக்கவைத்தபோது, தங்கள் இதழில் ஒரு பத்திகூட வந்ததாக எனக்கு நினைவில்லை. பிள்ளைகள் ஆவலோடு காத்திருந்த கணிதப் புதிர்ப் பகுதியையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ராசிபலனை நீட்டித்தீர்கள். தேர்வு முடிவு நாளில் மட்டும் கணிதத்தில் நூறு வாங்கியவர்களின் படம் முதல் பக்கத்தில் வருகிறது. எங்கள் பக்கத்துக் கிராமப் பிள்ளைகளில் பலருக்குப் பாடநூலை விட்டால் தங்கள் நாளிதழ்தான் படிப்பு. அதில் அச்சானதை அவர்கள் அப்படியே நம்புகிறார்கள்.

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அடுக்கை மேலே ஏற்றி, ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.