ஹ்மாங் மொழியில் இலக்கணம் இல்லையா? தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? நீ அனுப்பிய குரல்பதிவை இரண்டு முறை கேட்டேன். செர்பிய மொழியையும், தென்சீனா, லாவோஸ் மலைப்பகுதிகளில் பேசும் ஹ்மாங் மொழியையும் ஒரே சமயத்தில் படிக்க ஆரம்பித்திருக்கிறாய் என்பதில் அக்காவுக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனால் கடைசியில் சொன்னாயே, "செர்பியம் இலக்கணக் கடல், அக்கா. ஏழு வேற்றுமை, மூன்று பால். ஹ்மாங்கில் இலக்கணமே இல்லை, சொல்லை அடுக்கினால் போதும்" என்று, அது மனதில் தைத்துவிட்டது. உன்னைப் போல நினைப்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால் இதைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

நீ பார்த்தது பொய் இல்லை. செர்பியத்தில் சொல்லின் வால் ஓயாமல் மாறும். ஹ்மாங்கில் ‘மூ’ என்றால் போவது. ‘தௌ மூ’ என்றால் போயாயிற்று, ‘யுஅ மூ’ என்றால் போகப் போகிறது. அந்த ‘மூ’வுக்கு வாலும் கிடையாது, விகுதியும் கிடையாது. நீ வாலைத் தேடிப் போனாய், கிடைக்கவில்லை என்றதும் இலக்கணமே இல்லை என்று திரும்பி வந்துவிட்டாய். தேட வேண்டிய இடம் குரல், தம்பி.

‘போ’ என்ற ஓரசையை எடுத்துக்கொள். வெள்ளை ஹ்மாங் என்ற கிளைவழக்கில் இதை உயர்ந்த குரலில் சொன்னால் உருண்டை. உயரத்திலிருந்து இறக்கினால் பெண். நடுவிலிருந்து ஏற்றினால் எறிவது. நடுவிலேயே நிறுத்தினால் மண்ணீரல். தாழ்த்தினால் முள். மூச்சுக் கலந்து சொன்னால் அப்பாவைப் பெற்ற பாட்டி. தொண்டையில் வெட்டி நிறுத்தினால் பார்ப்பது. ஏழு தொனி, ஏழு சொல். எட்டாவதாகச் சில இடங்களில் மட்டும் வரும் ஒன்றும் உண்டு. தமிழில் எழுதினால் ஏழும் ஒரே ‘போ’தான்.

1951 முதல் 1953 வரை லாவோஸில் மிஷனரிகளும் ஹ்மாங் மக்களும் சேர்ந்து அமைத்த ரோமன் எழுத்துமுறை இதற்கு ஓர் அழகான வழி கண்டது. ஹ்மாங் அசைகள் மெய்யொலியில் முடிவது அபூர்வம். அதனால் கடைசியில் வரும் மெய்யெழுத்தைத் தொனிக் குறியாக வைத்துக்கொண்டார்கள். பி போட்டால் உயர்ந்த தொனி, எஸ் போட்டால் தாழ்ந்த தொனி, எம் போட்டால் தொண்டையில் வெட்டு. அந்த எழுத்தை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. 1975க்குப் பிறகு அகதிகளாக மினசோட்டாவுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் போன குடும்பங்கள் சாதாரண விசைப்பலகையிலேயே ஒரு தொனி விடாமல் எழுத முடிவது இதனால்தான்.

இப்போது உன் இலக்கணக் கடலுக்கு வா. செர்பியத்திலும் குரல் ஏறி இறங்குகிறது, கவனித்தாயா? குறுகி இறங்குவது, நீண்டு இறங்குவது, குறுகி ஏறுவது, நீண்டு ஏறுவது என்று நான்கு அழுத்தங்கள். குறுக்கிச் சொன்னால் ‘லுக்’ வெங்காயம், நீட்டினால் ‘லூக்’ வில். நம் எழுத்தில் குறில் நெடில் போட்டே பிரித்துவிட்டேன். செர்பியர்களோ இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். அகராதியில் அழுத்தக் குறி உண்டு, செய்தித்தாளில் கிடையாது. ‘கோரே கோரே கோரே கோரே’ என்று ஒரே சொல்லை நான்கு முறை எழுதி, மேலே காடுகள் இன்னும் மோசமாக எரிகின்றன என்று ஒரு வாக்கியமே சொல்லிக் காட்டுவார்கள்.

இத்தனைக்கும் அது ‘பேசுவதுபோல் எழுது, எழுதியிருப்பதுபோல் படி’ என்ற கொள்கையில் வளர்ந்த எழுத்து. த்ர்ஷிச் கிராமத்தில் பிறந்த வூக் கராஜிச், 1818இல் 26,000க்கும் மேற்பட்ட சொற்களோடு அகராதி போட்டு, ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்று முப்பது எழுத்தில் நிறுத்தினார். தேவாலயத்தின் பழைய எழுத்துநடையை விட மனமில்லாதவர்கள் அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். செர்பியாவில் அவருடைய எழுத்துமுறை முழுமையாக ஏற்கப்பட்டது 1868இல். அவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஹ்மாங்கிலும் அப்படி ஒருவர் இருந்தார். பெயர் ஷோங் லூ யாங், எழுதப் படிக்கத் தெரியாத விவசாயி. 1959இல் தன் மொழிக்கென்று ‘பஹாவ்’ என்ற எழுத்தைத் தானே உருவாக்கினார். அதில் உயிரை முதலில் எழுதி மெய்யைப் பின்னால் எழுத வேண்டும், படிக்கும்போது மெய்தான் முதலில். விசித்திரமாகத் தோன்றினால் நம் ‘பெ’யைப் பார். கொம்பு முன்னால் நிற்கிறது, வாயில் பகரம்தானே முந்தி வருகிறது? 1971இல் அவரைக் கொன்றுவிட்டார்கள். படிப்பறிவே இல்லாத ஒருவர் தன் மொழியின் ஒவ்வொரு தொனியையும் காதால் பிரித்துக் குறி கொடுத்திருக்கிறார். இலக்கணமே இல்லை என்று நீ சொன்னபோது எனக்கு முதலில் அவர் ஞாபகம்தான் வந்தது.

சரி, எண்களுக்கு வருவோம். செர்பியத்தில் ஒரு மகன் ‘ஸின்’. இரண்டு, மூன்று, நான்கு என்றால் ‘ஸினா’. ஐந்திலிருந்து ‘ஸினோவா’. ஒரு காலத்தில் இருந்த இருமை வடிவத்தின், அதாவது இரண்டை மட்டும் குறிக்கும் வடிவத்தின் மிச்சம் அந்த ‘ஸினா’. நீ இதில் மயங்கிப்போனாய், நியாயம்தான். ஹ்மாங்கில் மகன் ‘தூ’. எத்தனை பேர் இருந்தாலும் ‘தூ’தான். ஆனால் எண்ணுக்கும் பெயருக்கும் நடுவில், நாம் ‘ஐந்து பேர்’ என்பதுபோல, ஒரு சொல் வரவேண்டும். மனிதர்களுக்கு அது எஸ்ஸில் முடியும் ‘து’, தாழ்ந்த தொனி. ஒன்று முதல் ஐந்து வரை எண்ணும்போது மட்டும் அது ஜியில் முடியும் மூச்சுத் தொனிக்கு மாறிவிடும். ஆறில் பழையபடி எஸ். ஒன்பதில் மறுபடி ஜி!

ஏன் தெரியுமா? ஹ்மாங் மொழியில் ஒன்று முதல் ஐந்து வரை எல்லா எண்ணும் உயர்ந்த தொனி. ஒன்பது உயர்ந்து இறங்குவது. உயரத்தில் தொடங்கும் அந்த இரண்டு தொனிகளும் அடுத்து வரும் சொல்லைத் தொட்டு மாற்றும். நிலைமொழி வருமொழியை மாற்றுவதற்கு நாம் என்ன பெயர் வைத்திருக்கிறோம்? புணர்ச்சி. நன்னூல் படித்த நீயா இதை இலக்கணம் இல்லை என்கிறாய்?

உறவுமுறையில் ஹ்மாங் நமக்கு இன்னும் நெருக்கம். அப்பாவின் அண்ணனை அவர்கள் ‘ட்ஸி ஹ்லோ’ என்பார்கள். ‘ட்ஸி’ என்றால் அப்பா, ‘ஹ்லோ’ என்றால் பெரிய. செர்பியத்தில் அப்பாவின் சகோதரர் ‘ஸ்த்ரித்ஸ்’, அம்மாவின் சகோதரர் ‘உயக்’. அங்கே அண்ணன் தம்பி பேதம் பெயரில் இல்லை.

அப்புறம், அந்த இருமை. செர்பியத்தில் மிச்சமாக ஒட்டிக்கொண்டிருப்பது ஹ்மாங்கின் மூவிடப் பெயர்களில் முழுசாக உயிரோடு இருக்கிறது. ‘நே’ என்று உயர்த்தினால் நீங்கள் இருவர். அதையே உயர்த்தி இறக்கினால் நீங்கள் எல்லோரும். மூன்று என்ற எண்ணுக்கும் ‘பே’, மூன்று பேரோ அதற்கு மேலோ உள்ள ‘நாங்க’ளுக்கும் அதே ‘பே’.

இருவர் மட்டும் என்றால் வேறு சொல். அதை உனக்குச் சொல்லித் தருவது சுலபம். ‘பத்து’ என்று சொல்லிப் பார். கடைசியில் உதடு குவியாமல் வருகிறதே, அந்தக் குற்றியலுகரத்தை மட்டும் தனியாகப் பிரித்து, குரலை உயர்த்திச் சொல். ஏறத்தாழ அதுதான். நானும் நீயும்.

அன்புடன்,
அக்கா