யூப்ரடீஸ் கரைக் காசு ஒன்றை வாங்க நினைக்கும் அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். சிரியாவில், யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் கிடைத்தது என்று சொல்லி இணையத்தில் விற்கப்படும் ரோமானிய வெள்ளிக்காசு ஒன்றை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதே கரையில் இடிந்து கிடக்கும் துரா யூரோபோஸ் என்னும் ஊரைப் பற்றிச் சொல்கிறேன். கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கி.மு. 300 வாக்கில், அலெக்சாந்தருக்குப் பின் அப்பகுதியை ஆண்ட கிரேக்க மரபினரான செலூக்கியர் நிறுவிய அவ்வூர், ஈரானிலிருந்து ஆண்ட பார்த்தியர் கைக்கு மாறி, கி.பி. 165 வாக்கில் ரோமானியரின் எல்லைக் காவல் நகரமாயிற்று. 256 வாக்கில், பார்த்தியருக்குப் பின் ஈரானை ஆண்ட சாசானியரின் படை அதை முற்றுகையிட்டு வீழ்த்தியபின் அங்கே மீண்டும் நகரம் எழவில்லை.

அழிவே அவ்வூரைக் காத்தது என்பதுதான் வியப்பு. முற்றுகைக்கு அஞ்சிய ரோமானியர், மேற்கு மதிலுக்கு உட்புறம் இருந்த தெருவையும் அதையொட்டிய கட்டடங்களையும் மண்ணால் நிரப்பி மதிலுக்கு வலுவூட்டினர். 244-245இல் கட்டி முடித்த யூதத் தொழுகைக்கூடமும், ஞானஸ்நானத் தொட்டியுடன் கூடிய கிறித்தவர்களின் வழிபாட்டு இல்லமும் அந்த மண்ணுக்குள் போயின. 1920இல் பிரித்தானியப் படையினர் அங்கே பள்ளம் வெட்டியபோது சுவரோவியங்கள் தற்செயலாகத் தென்பட்டன. 1928 முதல் 1937 வரை யேல் பல்கலைக்கழகமும் பிரெஞ்சு அறிஞர்களும் அகழ்ந்தபோது, அந்தத் தொழுகைக்கூடத்தின் சுவர்களில் விவிலியக் காட்சிகள் நிறம் மங்காமல் வெளிப்பட்டன.

காசுக்கு வருகிறேன். மதிலைச் சாய்ப்பதற்காகச் சாசானியர் கோபுரம் ஒன்றின் அடியில் சுரங்கம் தோண்ட, அதைத் தடுக்க ரோமானியரும் எதிர்ச்சுரங்கம் தோண்டினர். அங்கே சுமார் 20 வீரர்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஒருவரைத் தவிர எல்லோரும் ரோமானியப் படையினர் எனக் கருதப்படுகின்றனர். அங்கிருந்த கந்தகம், நிலக்கீல் ஆகியவற்றின் தடயங்களைக் கொண்டு, சாசானியர் அவற்றை எரித்து எழுப்பிய நச்சுப்புகையே அவர்களைக் கொன்றது என்று சைமன் ஜேம்ஸ் என்ற தொல்லியலாளர் 2009இல் வாதிட்டார். அவ்வீரர்களோடு கிடந்த காசுகளே நகரம் வீழ்ந்த காலத்தைக் கணிப்பதற்கு முக்கியச் சான்றாயின. அதே காசுகளை யாரோ இரவில் தோண்டியெடுத்துச் சந்தையில் விற்றிருந்தால், அவற்றில் எஞ்சியிருப்பது ஒரு பேரரசரின் முகமும் சிறிது வெள்ளியும் மட்டுமே.

சிரியாவில் 2011இல் உள்நாட்டுப் போர் தொடங்கியபின் நடந்தது அதுதான். சில ஆண்டுகளில் எடுத்த செயற்கைக்கோள் படங்களில், மதிலுக்குள் இருக்கும் நிலத்தின் பெரும்பகுதி கொள்ளையர் வெட்டிய குழிகளாகவே தெரிகிறது. ஒவ்வொரு குழியிலும் எந்தப் பொருள் எதனருகே, எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்ற செய்தி அழிந்தது. இனி எவ்வளவு பணம் கொடுத்தாலும் அது திரும்பக் கிடைக்காது. இதை எண்ணும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை, அண்ணா. வாங்குவதற்கு ஆள் இருப்பதால்தான் அந்தக் குழிகள் வெட்டப்படுகின்றன.

உங்கள் காசு துராவிலிருந்து வந்ததென்று நான் சொல்லவில்லை. வேறெங்கிருந்தோ, முறையாகவே வந்திருக்கலாம். விற்பவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: அது எப்போது, யார் கையால் சிரியாவைவிட்டு வெளியேறியது, அது சட்டப்படி நடந்ததற்கு எழுத்துச் சான்று உண்டா? பழைய குடும்பச் சேகரிப்பு என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் ஏற்காதீர்கள். சான்று வராவிட்டால், தயவுசெய்து அதை வாங்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் தம்பி