அபராத நோட்டைப் படிக்க மாறுவேடம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிறுவனத் தலைவர்கள் மாறுவேடத்தில் சென்று தமக்குக் கீழே வேலை செய்பவர்களோடு சேர்ந்து உழைக்கும் வெளிநாட்டுத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பாராட்டி, அதுபோல் ஒன்று தமிழிலும் வர வேண்டும் என்று சென்ற ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் 17 ஆண்டுகள் நின்றவள் நான். வேலை பார்த்தவள் என்றும் சொல்லலாம். நின்றவள் என்பதே பொருத்தம். அந்தக் கட்டுரையோடு எனக்குக் கொஞ்சம் உடன்பாடும் அதைவிடக் கூடுதலாக மறுப்பும் உண்டு.

கட்டுரையாளர் குறிப்பிட்ட ‘அண்டர்கவர் பாஸ்’ 2009-இல் பிரிட்டனின் சேனல் 4-இல் தொடங்கி, 2010 பிப்ரவரியில் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சிக்குப் போனது. அமெரிக்காவில் ஒளிபரப்பான முதல் பகுதியை என் மகள் தன் கைப்பேசியில் போட்டு, தமிழில் சொல்லிக்கொண்டே வர, நானும் பார்த்தேன். வேஸ்ட் மேனேஜ்மென்ட் என்ற பெரிய குப்பை அகற்றும் நிறுவனத்தின் தலைவர் லாரி ஓடானல் அதில் கழிப்பறை கழுவுகிறார்; குப்பைக் கிடங்கின் சரிவில் காற்றுக்குப் பறக்கும் தாள்களைப் பொறுக்குகிறார்; வேகம் போதாது என்று மேற்பார்வையாளர் அவரை வேலையை விட்டே நிறுத்திவிடுகிறார். என் மகள் சிரித்தாள். கொடுங்கையூர்க் குப்பைமேட்டைத் தாண்டிப் போய்வந்து பழகிய எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நிகழ்ச்சியில் என் மனத்தில் தங்கியவை வேறு இரண்டு. சாப்பாட்டு இடைவேளை முடிந்து ஒரு நிமிடம் தாமதமாக வந்தால் இரண்டு நிமிடக் கூலியைப் பிடிக்கிறார்கள் என்பதை ஓடானல் அங்கேதான் தெரிந்துகொள்கிறார். குப்பை வண்டி ஓட்டும் ஒரு பெண், குறித்த நேரத்துக்குள் தெருக்களை முடித்தாக வேண்டும் என்பதால், சிறுநீர் கழிக்க வண்டியில் ஒரு டப்பாவை வைத்திருப்பதையும் அங்கேதான் கேட்கிறார். வேலையைக் கூட்டு, நேரத்தைக் குறை என்று மேலிருந்து அழுத்தியவரே தாம்தான் என்பதை அவர் மறைக்கவில்லை. அந்த ஒப்புதலுக்காக அவரை மதிக்கிறேன். ஆனால் கூலிப் பிடித்தம் என்பது கணக்கில் ஏறுகிற காரியம். அதைத் தெரிந்துகொள்ள ஒரு தலைவர் தாடி வளர்த்துக்கொண்டு கிடங்குக்குப் போக வேண்டுமா?

எங்கள் கடையிலும் இப்படி ஒரு நாள் நடந்தது. மாறுவேடம் கிடையாது, எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வந்தார். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, வெளியூரில் படித்துவிட்டு வந்திருந்த சின்ன முதலாளி, எங்களைப் போலவே சீருடை அணிந்துகொண்டு, காலை பதினொன்றரை மணிக்குச் சேலை கவுன்டரில் வந்து நின்றார். கூடவே ஒரு போட்டோகிராபர். சின்ன முதலாளி நன்றாகவே விற்றார் என்று சொல்ல வேண்டும். ஒரு குடும்பத்துக்கு நாற்பது சேலை வரை விரித்துக் காட்டினார். விரித்துக் காட்டுவது எளிது, ஐயா. பார்டர் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் படியும்படி, முந்தானை கசங்காதபடி, அந்த நாற்பதையும் திரும்ப மடித்து அதனதன் அடுக்கில் வைப்பதில்தான் எங்கள் முழங்கையும் இடுப்பும் போகின்றன. மூன்று சேலை மடிப்பதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெண் கற்றுக்கொடுத்தாள். ஒன்றரை மணிக்கு மாடிக்குச் சாப்பிடப் போனவர் திரும்பி வரவில்லை. அன்று அவருக்குக் கால் வீங்கியது உண்மை என்றே கேள்விப்பட்டேன். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். மாலையில் மடிக்கக் கற்றுக்கொடுத்த பெண்ணை அழைத்து ஒரு பட்டுச்சேலையும் 5,000 ரூபாயும் கொடுத்தார். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.

எங்கள் கழிப்பறை ஐந்தாவது மாடியில் இருந்தது. லிப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும். போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் சூப்பர்வைசரிடம் உள்ள நோட்டில் எழுத வேண்டும். பத்து நிமிடம் தாண்டினால் 20 ரூபாய் அபராதம். அந்த நோட்டு சனிக்கிழமைதோறும் கூட்டிக் கணக்குப் போடப்பட்டு, சின்ன முதலாளியின் மேசைக்குத்தான் போகும். அவர் கையெழுத்துக்குப் பிறகே சம்பளத்தில் பிடிப்பார்கள். பட்டுச்சேலை வாங்கிய பெண்ணுக்கும் அந்த மாதம் 40 ரூபாய் பிடித்தார்கள். மாதவிலக்கு நாட்களில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்ட பெண்களை எனக்குத் தெரியும், நானும் குறைத்திருக்கிறேன்.

வேடம் போடுவதே வீண் என்று நான் சொல்லவில்லை. உணவு டெலிவரி செய்யும் சொமேட்டோ நிறுவனத்தின் அப்போதைய தலைவர் தீபிந்தர் கோயல் 2024 அக்டோபரில் டெலிவரி உடை அணிந்து குருகிராமில் ஒரு வணிக வளாகத்துக்கு ஆர்டர் எடுக்கப் போனபோது, அவரை லிப்டில் ஏற விடாமல் படிக்கட்டுப் பக்கம் அனுப்பினார்கள். அந்த உடையைப் போட்டதால்தான் அது அவருக்குத் தெரிந்தது. ஒரு தொழிலாளியை வெளியார் எப்படி நடத்துகிறார்கள் என்பதை அறிய உடையை மாற்றிப் பார்க்கலாம். தம் நிறுவனம் எப்படி நடத்துகிறது என்பதை அறிய அலுவலகத்தில் இருக்கும் பதிவேடே போதும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. அந்த அமெரிக்க நிகழ்ச்சியில், புதிதாக வேலைக்குச் சேர்பவர்களைப் பற்றி ஏதோ படம் எடுக்கிறார்கள் என்று சொல்லித்தான் தொழிலாளர்களைப் பேச வைக்கிறார்கள். கடைசியில் அவர்களைத் தலைமை அலுவலகத்துக்கு வரவழைத்து, வேடத்தைக் கலைத்து, ஒருவருக்குப் பணம், இன்னொருவருக்கு விடுமுறைப் பயணம் என்று வழங்குகிறார்கள். அவர்கள் அழுகிறார்கள், பார்க்கும் நாமும் அழுகிறோம். கேமராவின் முன் நின்ற நான்கைந்து பேருக்குக் கிடைத்தது மற்றவர்களுக்கு ஏன் இல்லை என்ற கேள்வி அந்த அழுகையில் கரைந்துவிடுகிறது.

மாறுவேடத்தில் போன ஆள் நம் கதைகளிலும் உண்டு. இரவில் நகர்வலம் வந்த பாண்டியன், கீரந்தை என்பவனின் வீட்டுக் கதவைத் தவறுதலாகத் தட்டிவிட்டு, அவன் மனைவி மேல் பழி வராதிருக்க அந்தத் தெருவின் எல்லாக் கதவுகளையும் தட்டினான். மறுநாள் புகார் வந்தபோது, தட்டிய கையைத் தானே வெட்டிக்கொண்டு பொற்கைப் பாண்டியன் ஆனான். தெருவாருக்கு ஆளுக்கொரு பொற்கிழி கொடுத்து அனுப்பியிருந்தால் அந்தக் கதையை யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள். இன்றைய முதலாளிகள் கையை வெட்டிக்கொள்ள வேண்டாம். அபராத நோட்டில் கையெழுத்துப் போடாமல் இருந்தால் போதும்.

எங்கள் பகுதிக்கு வேறு ஒரு நினைவும் உண்டு. பெரம்பூரில் அன்று இருந்த பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாட்டிக்) நெசவு மில் தொழிலாளர்களின் முக்கியமான குறைகளில் ஒன்று, சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பது. செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சுலு நாயுடுவும் அந்தக் குறைகளை ஹோம்ரூல் இயக்கத்தைச் சேர்ந்த பி.பி. வாடியாவிடம் கொண்டுபோனார்கள், 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். வாடியா நெசவுத் தறியில் ஒரு நாள் நின்று பார்க்கவில்லை. தறியில் நின்றவர்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார்.

எங்கள் கடைக்கு ஸ்டூல்கள் வந்ததும் சின்ன முதலாளி ஒரு நாள் நின்று பார்த்ததால் அல்ல. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் தமிழக அரசு திருத்தம் செய்து, ஊழியர்களுக்கு இருக்கை வசதி கட்டாயம் என்று ஆக்கிய பிறகு வந்தன. பாதி நேரம் அவற்றின் மேல் துணி பண்டல்தான் கிடக்கும். ஆனாலும் மதியம் கூட்டம் இல்லாதபோது உட்கார்ந்தோம். நான் வேலையை விடுவதற்கு முந்தைய சில மாதங்கள் அப்படிப் போயின.

ஆகவே, தமிழ்த் தொலைக்காட்சிகள் இப்படி ஒரு நிகழ்ச்சி எடுப்பதானால், முதலாளி சீருடை மாட்டும் காட்சிக்கு முன், அவர் நிறுவனத்தின் அபராதக் கணக்கை அவர் வாயாலேயே கேமரா முன் படிக்கச் சொல்லட்டும். பரிசு கொடுத்த இடத்துக்கு ஓராண்டு கழித்து முன்னறிவிப்பு இல்லாமல் திரும்பிப் போகட்டும். தங்கள் கட்டுரையாளர் எம்.சி. ரோட்டுக்கு வர விரும்பினால், கவுன்டரில் நிற்பதற்கு முன்பு, ஒரு வேலைநாளின் நடுவில், தரைத்தளத்திலிருந்து ஐந்தாவது மாடி வரை ஒருமுறை படியேறி, வரிசையில் நின்று, திரும்ப இறங்கி வந்து, எத்தனை நிமிடம் ஆயிற்று என்று தங்கள் வாசகர்களுக்கு எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
(பெயர் வெளியிட வேண்டாம்)
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21