டிஸ்சார்ஜ் ஆன அன்றைக்கே வெற்றியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூளை, முதுகுத்தண்டு ஆபரேஷன் பற்றி வரும் செய்திகளில் ‘அரிய அறுவை சிகிச்சை வெற்றி’ என்று தலைப்பு இருக்கும், டாக்டர்களுக்கு நடுவே நோயாளி பூங்கொத்தோடு நிற்பார். சந்தோஷம்தான், ஆனால் எதில் வெற்றி? கட்டி முழுசாக வந்ததா, வலி போனதா, ஆள் மறுபடி வேலைக்குப் போகிறாரா என்பதெல்லாம் தனித்தனிக் கேள்விகள். நான் பிசியோதெரபிஸ்ட், படம் எடுத்து முடித்த பிறகுதான் இவர்கள் என்னிடம் வருகிறார்கள்.

ஜவ்வு விலகலையே, அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்குவதையே எடுத்துக்கொள்ளுங்கள். நரம்பை அழுத்தும் துண்டை எடுத்தால் காலுக்கு இறங்கும் வலி பலருக்குச் சட்டென்று விட்டுவிடும், வெறும் இடுப்பு வலி அந்த அளவுக்குக் கேட்காது. இதை முன்னாடியே சொல்லியிருந்தால் ‘ஆபரேஷன் பண்ணியும் வலிக்குதே’ என்று பலர் உடைந்துபோக மாட்டார்கள். நெதர்லாந்தில் கடுமையான கால்வலி இருந்த 283 பேரிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு, ஆபரேஷன் இல்லாமல் காத்திருந்தவர்களைவிட வலி வேகமாகக் குறைந்தது, ஆனால் ஒரு வருடம் கழித்து இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். காத்திருந்தவர்களிலும் 39 சதவீதம் பேர் இடையில் ஆபரேஷனுக்குப் போனார்கள், அதை மறைத்தால் நானும் பாதிக் கதை சொன்ன மாதிரி ஆகிவிடும். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்தே பயப்படுகிறவர்களுக்கு இன்னொன்று: முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் எடுத்துப் பார்த்த 1994 ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டாலும் ஆபத்து. உட்காரும் இடம் மரத்துப்போய் சிறுநீர் வராமல் நின்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கழுத்தில் தண்டுவடம் நசுங்குவது இன்னும் கள்ளத்தனமானது, பெரிதாக வலியே இருக்காது. சட்டைப் பொத்தான் போடவே வெகுநேரம் ஆகும், எழுத்து கோணும், செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பார்கள், கேட்டால் ‘வயசாயிடுச்சு’ என்பார்கள். இங்கே ஆபரேஷனின் முதல் வேலை மேலும் மோசமாகாமல் நிறுத்துவது. ஓரளவு தேறுவார்கள், ஆனால் ரொம்ப நாள் விட்டுவிட்டால் போன விரல் நுணுக்கம் முழுசாகத் திரும்புவது கடினம். அப்புறம் ‘டாக்டர் கெடுத்துட்டார்’ என்று பேச்சு வரும்.

வயதானவர்களுக்கு லேசாகத் தலையில் அடிபட்டுச் சில வாரங்கள் கழித்து மூளைக்கு மேலே ரத்தம் தேங்குவதும் இப்படித்தான், தடுமாற்றத்தையும் குழப்பத்தையும் மறதிநோய் என்று விட்டுவிடுகிறார்கள். மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு வடித்தால் பலர் நன்றாகத் தேறிவிடுவார்கள். ஆனால் திரும்பத் தேங்கலாம். 2009-இல் வந்த பிரிட்டன் ஆய்வில், ஆபரேஷனுக்குப் பிறகு வடிகுழாய் வைக்காதவர்களில் 24 சதவீதம் பேருக்கும் வைத்தவர்களில் சுமார் 9 சதவீதம் பேருக்கும் மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது. ஒரு சின்னக் குழாய் செய்கிற வேலை இது, இதுவும் செய்திதானே?

அதனால் ஒரு வேண்டுகோள். இப்படிச் செய்தி போட்டால் ஆறு மாதம் கழித்து உங்கள் நிருபர் அதே நோயாளியிடம் பேசட்டும், அவர் சம்மதித்தால். எவ்வளவு தூரம் நடக்கிறார், மாத்திரை குறைந்ததா, வேலைக்குத் திரும்பினாரா என்று கேட்டு, பதில் எப்படி இருந்தாலும் அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
பிசியோதெரபிஸ்ட் வாசகர் ஒருவர்