பால் போச்சு சார்!

திருமங்கலம்

அன்புள்ள அந்தோணி,

நலமா? அம்மாவுக்குக் கண் அறுவை முடிந்ததே, இப்போது பார்வை தெளிவா? இங்கே ஆடி பிறந்தும் வெயில் இறங்கவில்லை. காற்று மட்டும் புழுதியை வாரி இறைக்கிறது.

போன வாரம் ஒன்பதாம் வகுப்பில் பவளப்பாறை பற்றிப் பேசினேன். பாதிப் பிள்ளைகள் கடலையே பார்த்ததில்லை. "கடல் சூடானால் பவளம் வெளுக்கும்" என்றதும் ஒருத்தி எழுந்துவிட்டாள். "எங்க அப்பத்தா கழுத்துல நாப்பது வருசமா பவளம் கிடக்கு. அடுப்படியில தினமும் வேகுது. வெளுக்கலையே சார்?"

நியாயமான கேள்வி. நகைப் பவளத்துக்கு எலும்புக்கூடே சிவப்பு. உங்கள் மன்னார் வளைகுடாப் பாறைப் பவளத்துக்கு எலும்பு வெள்ளை. நிறத்தில் பெரும்பகுதி அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசியுடையது. பவளம் இடம் கொடுக்கிறது, பாசி வெயிலில் சமைத்துப் போடுகிறது. கோடை உச்சத்தைவிடத் தண்ணீர் ஒரு டிகிரி கூடி, வாரக்கணக்கில் அப்படியே நின்றால் போதும், சமையல்காரர் வெளியே. உங்கள் பக்கம் 2010-இலும் 2016-இலும் நடந்தது இதுதான். வெளுத்தது செத்ததல்ல, பட்டினி கிடப்பது. சீக்கிரம் சூடு தணிந்தால் பிழைத்துக்கொள்ளும். இத்தனை வருஷமாக "வெளுத்தால் செத்தது" என்றே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளை இனி எங்கே போய்த் தேடுவது?

அப்புறம் ஒரு கூத்து. பெட்டிக்கடையில் வெற்றிலைச் சுண்ணாம்பு வாங்கிக் கரைத்து, தெளிந்த நீரை இறுத்து, இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு வைத்திருந்தேன். உறிஞ்சுகுழலால் ஊதினால் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டுப் பால் போல வெளுக்கும், தெரியும்தானே? வெளுத்தது. எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். கடைசி பெஞ்சில் ஒருவன் மட்டும் விடாமல் ஊதிக்கொண்டே இருந்திருக்கிறான். "பால் போச்சு சார்!" என்றான். பார்த்தால் தண்ணீர் பழையபடி தெளிவு. சொன்னதைக் கேட்காமல் கெடுத்துவிட்டான் என்று சத்தம் போட்டு உட்கார வைத்தேன்.

ராத்திரி படுக்கும்போதுதான் உறைத்தது. பாலாகத் தெரிந்தது கால்சியம் கார்பனேட். பவளத்தின் கூடும் அதே சரக்குதான். வாயு அளவுக்கு மிஞ்சியதும் அது கரைந்துவிட்டது! மறுநாள் அவனையே முன்னால் அழைத்து மறுபடி ஊதச் சொன்னேன். காற்றில் கூடும் இதே வாயு கடலிலும் கரைகிறது, ஆனால் அங்கே பாறை இப்படிக் கண்ணெதிரே கரையாது, கூடு கட்டத் தேவையான சரக்கு குறைந்து கட்டுமானம் மந்தமாகும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

அப்போது உன் தாத்தா நினைவு வந்தது. வள்ளத்தில் பவளக்கல் ஏற்றி வந்து சுண்ணாம்புக் காளவாயில் போட்டதாகச் சொல்வாயே. 2001-இல் புலிக்கு நிகரான சட்டப் பாதுகாப்பு பவளத்துக்கும் வந்தது. அதற்கு முன்னால் அது வெறும் கல், அவருக்குக் கூலி. அதை வகுப்பில் சொல்ல நினைத்தேன். தாத்தாவைக் குற்றவாளியாக்கிவிடுவேனோ என்று நாக்கு எழவில்லை. நீ சொன்னால் சரியாக இருக்கும். ஒரு சனிக்கிழமை வாயேன். பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், மீன் எப்படி அடையும், வலை எப்படிச் சிக்கும், எல்லாம் உன் வாயால் கேட்கட்டும். வரும்போது பவளத்துண்டு எதுவும் கொண்டுவந்து தொலைக்காதே, செத்ததென்றாலும் வழக்குதான். மக்ரூன் கொண்டு வா.

அன்புடன்,
முருகேசன்