யாருடைய ஆயுள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆட்டோமேட்டிக் கியர் பிக்கப் வண்டிகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை படித்தது ஒரே ஒரு வரிக்காக: இந்தக் கியர் பெட்டியின் எண்ணெயை வண்டியின் ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டியதில்லை என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். நான் 1994 முதல் 2019 வரை ஷார்ஜா தொழிற்பேட்டையில் கியர் பெட்டிகளை மட்டுமே பிரித்துக் கோத்தவன். கட்டுரையாளர் மேல் எனக்குக் கோபமில்லை. விற்பனைக்காரர் கொடுத்த தாளில் அப்படித்தான் அச்சாகியிருக்கும். யாருடைய ஆயுள் என்று மட்டும் அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மோர் கடைவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெட்டியின் வேலை எளிதில் விளங்கும். மத்தைச் சுற்றினால் மோர் சுற்றுகிறது. மோர் சுற்றினால் பானையும் கூடச் சுற்றப் பார்க்கிறது. எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வர்ட்டர் இதைத்தான் செய்கிறது. எஞ்சின் மத்து, எண்ணெய் மோர், சக்கரங்களுக்குப் போகும் தண்டு பானை. பானையை இறுகப் பிடித்துக்கொண்டு கடைந்தால் சக்தியெல்லாம் மோரில் சூடாக இறங்கும். என் பாட்டி வெண்ணெய் உருகிவிடாமல் நடுநடுவே குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவார். வண்டியில் அந்தத் தண்ணீர் ஊற்றும் வேலையைச் செய்வது, ரேடியேட்டருக்குள்ளோ அதற்கு முன்னாலோ இருக்கும் சின்ன எண்ணெய்க் குளிரூட்டி.

சமதரையில் சீரான வேகத்தில் போகும்போது கன்வர்ட்டருக்குள்ளே ஒரு கிளட்ச் பூட்டிக்கொள்ளும். மத்தும் பானையும் ஒன்றாகிவிடும், சூடு பிறக்காது. ஆனால் பிக்கப் வண்டியை யாரும் சமதரையில் காலியாக ஓட்டுவதற்கு வாங்குவதில்லை. பின்னால் ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு மலை ஏறுகிறார்கள், மணல் மேட்டில் ஊர்கிறார்கள். அங்கே வேகம் குறைவு, பூட்டு விழாது, கடைசல் ஓயாது. ஒரே பெட்டி காரில் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடுவதையும், அதுவே பிக்கப்பில் எண்பதாயிரத்தில் எங்கள் மேசைக்கு வருவதையும் பார்த்திருக்கிறேன்.

பட்டறைகளில் வெகுகாலமாகச் சொல்லும் ஒரு கணக்கு உண்டு. எண்ணெய் 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்தால் 1,60,000 கிலோமீட்டர் தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். 102 டிகிரியில் 40,000. 124 டிகிரியில் 10,000. இது பழைய எண்ணெய்களை வைத்துப் போட்ட கணக்கு. இன்றைய செயற்கை எண்ணெய்கள் இதைவிட நன்றாகவே தாங்கும். என்றாலும் சரிவு சரிவுதான். முதலில் எண்ணெய் பழுப்பாகி வால்வுகளில் பசைபோல் படியும். பிறகு ரப்பர் சீல்கள் அப்பளம்போல் விறைக்கும், அழுத்தம் கசியும், கிளட்ச் தட்டுகள் வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடு. அதற்குப் பிறகு யார் வந்தாலும் காப்பாற்ற முடியாது.

எங்கள் பட்டறைக்கு ஒரு கட்டுமான நிறுவனத்தின் பிக்கப் பதினான்கு மாதத்தில் மூன்று முறை வந்தது. ஹத்தா மலைப் பாதையில் வெல்டிங் ஜெனரேட்டரை இழுக்கும் வண்டி. ஓட்டுநர் திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி. முதல் இரண்டு பெட்டிகளுக்கும் அவர் சம்பளத்தில் பிடித்தார்கள், 'கண்டபடி ஓட்டுகிறான்' என்று. மூன்றாவது முறை எனக்கே சந்தேகம் வந்து முன்பக்கத்தைக் கழற்றினேன். ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருந்த எண்ணெய்க் குளிரூட்டியில் மணலும் சிமெண்டுத் தூசியும் சேர்ந்து சுவர் எழுப்பியிருந்தன. விரல் நுழையாது. தண்ணீர் அடித்துக் கழுவ அரை மணி நேரம் ஆனது. அந்தப் பெட்டியை அதற்குப் பிறகு நான் பிரிக்கவில்லை. தம்பியிடம் பிடித்த பணத்தையும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அமெரிக்காவில் பிக்கப் என்பது வீட்டுக்கு வீடு நிற்கும் வண்டி. ஆகவே அங்கே இந்தச் சூட்டை வைத்தே ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள். அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகிலிருந்து ஏறும் ஏறக்குறைய 18 கிலோமீட்டர் மலைச்சாலையில், வெளிச்சூடு குறைந்தது 38 டிகிரி இருக்கும்போது, ஏ.சி.யை முழு அளவில் வைத்து, கம்பெனி சொன்ன எடையை இழுத்துக்கொண்டு 64 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே போகாமல் ஏற வேண்டும். எதுவும் கொதிக்கக் கூடாது, எந்த எச்சரிக்கை விளக்கும் எரியக் கூடாது. 2011 மாடல் டன்ட்ரா பிக்கப்பின் இழுவை எடையை இந்த விதிப்படி முதலில் அறிவித்தது டொயோட்டா. மற்ற பெரிய நிறுவனங்கள் வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின. நல்ல தேர்வுதான். ஆனால் ஷார்ஜாவில் ஜூலை மாதம் 38 டிகிரி என்றால் நாங்கள் அதைக் குளிர்ந்த காற்று என்போம்.

அங்கேயும் தொல்லை இல்லாமல் இல்லை. 2005 முதல் 2010 வரை வந்த நிசான் ஃபிரான்டியர் பிக்கப்புகளில் ரேடியேட்டருக்குள் இருந்த குளிரூட்டி விரிசல்விட்டு, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவம் கியர் எண்ணெயில் கலந்தது. அமெரிக்கர்கள் அந்தக் கலவைக்கு ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக் என்று பெயர் வைத்தார்கள். நாமாக இருந்தால் ரோஸ்மில்க் என்றிருப்போம். கூலண்ட் பட்டால் தட்டுகளின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுத் தாள் உரிந்துவிடும். பெட்டி முழுவதும் போய்விடும். ஜெனரல் மோட்டார்ஸின் எட்டு கியர் பெட்டிகளில் வேறு கதை. ஆலையில் ஊற்றிய எண்ணெய் ஈரத்தை இழுத்துக்கொண்டதால், சாலையில் வரிசையாக வேகத்தடைப் பட்டைகள் இருப்பதுபோல வண்டி உதறியது. 2019-ல் அந்த எண்ணெயை முழுவதும் வெளியேற்றி வேறு எண்ணெய் ஊற்றச் சொன்னார்கள். ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாம் என்பவர்களுக்கு இதை நினைவுபடுத்த விரும்புகிறேன்.

இன்னொன்று. இப்போது பல பெட்டிகளில் எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியே கிடையாது. அடியில் ஒரு திருகைக் கழற்றி, எண்ணெய் 40 டிகிரி அளவில் இருக்கும்போது சொட்டுச் சொட்டாக வழிகிறதா என்று பார்க்க வேண்டும். வளைகுடாக் கோடையில் நிழலே 45 டிகிரி. வண்டியை இரவே நிறுத்திவைத்து, விடியற்காலை தொழுகைக்கு அழைக்கும் நேரத்தில் எழுந்து அந்த வேலையைச் செய்வோம். குச்சியை எடுத்ததால் கம்பெனிக்கு எவ்வளவு மிச்சமோ, எங்கள் தூக்கம் போனது நிச்சயம்.

நம் ஊரிலும் 2019-ல் இசுசு வி-கிராஸும் 2022-ல் டொயோட்டா ஹைலக்ஸும் ஆட்டோமேட்டிக்காக வந்துவிட்டன. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் சுமையோடு ஏறப்போகிறவர்கள் உங்கள் வாசகர்களில் இருப்பார்கள். அவர்களுக்காக ஒன்று: ஏற்றத்தில் கியர் எண்ணெய்ச் சூட்டு விளக்கு எரிந்தால் பதறி எஞ்சினை அணைத்துவிடாதீர்கள். ஓரமாக நிறுத்தி, கியரை 'பி'யில் (பார்க்கிங்) போட்டு, எஞ்சினை ஓடவிடுங்கள். பம்பு சுற்றினால்தான் எண்ணெய் குளிரூட்டிக்குப் போய் வரும். விளக்கு அணைந்த பிறகு கீழ்க் கியரில் மெல்ல ஏறலாம்.

சென்ற மாதம் மதுரையில் ஒரு ஷோரூமுக்குப் போயிருந்தேன், வாங்க அல்ல, பார்க்க. கியர் எண்ணெய் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று எந்தத் திரையில் தெரியும் என்று கேட்டேன். அங்கிருந்த பையன் மரியாதையாக, 'எஞ்சின் சூட்டைத்தானே ஐயா கேட்கிறீர்கள்?' என்றான். இல்லை என்றேன். உள்ளே போய் இரண்டு பேரைக் கேட்டுவிட்டு வந்தான்; பதில் வரவில்லை, தேநீர் வந்தது.

உங்கள் வண்டி விமர்சனங்களில் குதிரைத்திறனும் மைலேஜும் தவறாமல் வருகின்றன. அவற்றோடு கியர் எண்ணெயை எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும், குளிரூட்டி எங்கே இருக்கிறது என்ற இரண்டு வரிகளுக்கும் இடம் ஒதுக்க வேண்டுகிறேன். அந்த ஆயுள் முழுவதும் என்ற வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தமும் போட்டால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கியர் பெட்டி மெக்கானிக்,
அறந்தாங்கி.