குடல் சுத்திகரிப்பு மாத்திரைகள் எல்லாம் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொலோனோஸ்கோபிக்கு (கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) முன் குடலைச் சுத்தம் செய்வது பற்றிச் சென்ற வாரம் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். உப்புக் கரிக்கும் பொடிக் கரைசலைக் குடிக்க முடியாதவர்கள் அதற்குப் பதிலாக மாத்திரை கேட்டு வாங்கலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. 30 ஆண்டுகளுக்கு மேல் மருத்துவமனை மருந்தகத்தில் பணியாற்றியவன் என்ற முறையில், எந்த மாத்திரை, யாருக்கு என்று சொல்லாமல் விட்ட அந்த வரி ஆபத்தானது என்று கருதுகிறேன். மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்த என் தலைமுறையினர், பேதி மாத்திரை என்றாலே அஞ்ச வேண்டாத ஒன்று என்று எடுத்துக்கொள்வார்கள்.

அமெரிக்காவில் இதற்கென முதலில் பரவலாக வந்தவை சோடியம் பாஸ்பேட் மாத்திரைகள். 2000ஆம் ஆண்டு அனுமதி பெற்ற விசிகால் என்ற தயாரிப்பில் மொத்தம் 40 மாத்திரைகள்; அவற்றில் சேர்த்திருந்த செல்லுலோஸ் என்ற நார்ப்பொருள் குடலில் வெள்ளை வண்டலாகத் தங்கி மருத்துவரின் பார்வையை மறைத்ததால், அது இல்லாத ஆஸ்மோபிரெப் 2006இல் 32 மாத்திரைகளாக வந்தது. வண்டல் போயிற்று, பாஸ்பேட் போகவில்லை. உடலில் நீர் வற்றும் நேரத்தில் இரத்தத்தில் கூடும் பாஸ்பேட், கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகமாகப் படிந்துவிடும். பாதிப்பு அன்றே தெரியாமல் வாரங்கள் கழித்துத் தெரிய வருவதும் உண்டு. 2008 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இவ்விரு மாத்திரைகளுக்கும் மிகக் கடுமையான கட்டமிட்ட எச்சரிக்கையை விதித்தது. 55 வயதைக் கடந்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகளையோ நீர் பிரிவதற்கான மாத்திரைகளையோ வலி மாத்திரைகளையோ சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். நம் தெருவில் இந்தப் பட்டியலுக்குள் வராத முதியவர் எத்தனை பேர்?

2020 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சூடேப் என்ற மாத்திரை வேறு வகை. அதில் பாஸ்பேட் கிடையாது. சோடியம் சல்பேட், மெக்னீசியம் சல்பேட், பொட்டாசியம் குளோரைடு ஆகியவை உள்ளன. முந்தைய மாலை 12, பரிசோதனை நாளன்று 12 என்று 24 மாத்திரைகள். இது நன்றாகவே சுத்தம் செய்கிறது. ஆனால் மாத்திரை என்றால் குடிக்கும் சிரமம் இல்லை என்று நினைப்பது தவறு. ஒவ்வொரு வேளையும் ஏறத்தாழ 475 மில்லி கொண்ட மூன்று குவளைத் தண்ணீரைக் குடித்தாக வேண்டும். இரு வேளையும் சேர்த்தால் 2.8 லிட்டர். தண்ணீரைக் குறைத்தால் மருந்து உடலின் நீரை இழுத்துக்கொண்டு போகும். சிறுநீரகக் கோளாறு, இதயத் துடிப்புக் கோளாறு, வலிப்பு உள்ளவர்களுக்கு இதையும் எச்சரிக்கையோடுதான் தர வேண்டும்.

நம் மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் பிசகோடில் மாத்திரை பொடிக் கரைசலுக்குத் துணையாகத் தரப்படுவது. அதை மட்டும் விழுங்கிவிட்டுப் பரிசோதனைக்குப் போக முடியாது. அதைப் பாலோடும் விழுங்கக் கூடாது, மென்றும் தின்னக் கூடாது. மேற்பூச்சு இரைப்பையிலேயே கரைந்து வயிற்றைப் பிடுங்கும்.

என் பக்கத்து வீட்டுக்காரருக்கு வயது 68. பிரஷருக்கு டெல்மிசார்ட்டானும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறார். முன்பொருமுறை பொடிக் கரைசலை ஒரே மூச்சாகக் குடித்து வாந்தி எடுத்ததால், நியூ ஜெர்சியில் இருக்கும் மகள் மாத்திரைக் குப்பிகளை வாங்கி வந்து கொடுத்திருந்தார். விழுங்கலாமா என்று என்னிடம் கேட்டார். குப்பியையும், சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை அறிக்கையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகச் சொன்னேன். மருத்துவர் மாத்திரை வேண்டாம் என்று சொல்லி, கரைத்துக் குடிக்கும் பழைய பொடியையே (பாலிஎத்திலீன் கிளைக்கால்) எழுதிக் கொடுத்தார்; ஆனால் பாதியை இரவிலும் பாதியை விடியற்காலையிலும், குளிரவைத்து, கால் மணிக்கு ஒரு குவளையாகக் குடிக்கச் சொன்னார். இம்முறை வாந்தி இல்லை, குடலும் சுத்தமாக இருந்தது. அந்தப் பொடி உடலில் ஏறக்குறைய உறிஞ்சப்படுவதே இல்லை என்பதால், சிறுநீரகமோ இதயமோ பலவீனமானவர்களுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். கட்டுரையாளர் குறை சொன்ன சுவையைவிட இது பெரிய விஷயம்.

எனவே, பாஸ்பேட், சல்பேட், பிசகோடில் என்ற மூன்றையும் பிரித்துக் காட்டி, யார் எதைத் தவிர்க்க வேண்டும் என்பதை அதே மருத்துவப் பக்கத்தில், வாசகர்களின் கண்ணில் படும் இடத்தில் வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
திருநெல்வேலி.